ருடால்ஃப் டீசல்

லாரிக்கு டீசல் போடுவதை நாம் அறிவோம். அப்பெயர் ஒரு மனிதருடையது என்பதைப் பலர் அறியார்.

ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். 1870இல் போர் மூளவே, அக்குடும்பம் நகரை விட்டு வெளியேறிற்று. சிறுவன் ஆக்ஸ்பர்க்கில் உறவினர் வீட்டில் தங்கிப் பயின்றான். பின்னர் மியூனிக்கில் உயர்கல்வி கற்கையில், நீராவி இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்துவதில்லை என்று அறிந்தார். அந்த வீண் அவர் உள்ளத்தை உறுத்தியது.

காற்றை மிகுதியாக அழுத்தினால் சூடேறும். அச்சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். இதுவே அவர் கண்ட வழி. பல தோல்விகளுக்குப் பின் 1897இல் வெற்றி கிட்டியது. வெப்பத்தில் கால் பங்கு வேலையாக மாறிற்று.

1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது. தாவர எண்ணெய் ஒருநாள் பெட்ரோலியத்திற்கு நிகராகலாம் என்று 1912இல் டீசல் கூறினார். மறு ஆண்டு, கடன் சூழ்ந்த நிலையில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து இரவில் மறைந்தார். சில நாட்களில் அவரது உடல் கடலில் காணப்பட்டது.

பெட்ரோலியம் மலிந்ததால் அவர் சொல் மறக்கப்பட்டது. இன்றோ, பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, மெத்தனால் சேர்த்து இளக்கிய எரிபொருளில் லாரிகள் ஓடுகின்றன. தோழியரே, வாணலியில் மிஞ்சும் எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுமுன், வீணாக்குதலை வெறுத்த அம்மனிதரைச் சற்றே நினைப்போமாக!