25 பிள்ளைகளோடு ஆரம்பித்த பள்ளி: யார் இந்த சுவாமி சகஜானந்தர்?

கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் மங்களூர். அங்கிருந்து விருத்தாசலம் தாண்டி கிழக்கே கடல் பக்கம் வந்தால் சிதம்பரம். இன்றைக்கு பஸ் ஏறினால் சில மணி நேரப் பயணம்தான். நூறு வருஷத்துக்கு முன்னால், அப்போதைய தென்னாற்காடு மாவட்டச் சேரிகளில் பிறந்த பிள்ளைக்குப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடமே எட்டாத தூரம். பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகள்கூட அக்ரகாரத்திலோ, கோயில் மண்டபத்திலோ, ஊர்ச் சாவடியிலோ இருந்தன. அந்தத் தெருவில் கால் வைக்கவே அனுமதி இல்லை என்றால், சேர்க்கையில் தடை இல்லை என்று சட்டம் சொல்லி என்ன பிரயோஜனம்?

இந்த நிலைமைக்கு நடுவில்தான் சிதம்பரம் ஓமக்குளத்தில் பள்ளி ஆரம்பித்தார் சகஜானந்தர்.

முனுசாமி டூ சகஜானந்தர்

1890 ஜனவரி 27-ல் ஆரணி பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். இயற்பெயர் முனுசாமி. படிப்பில் கெட்டிக்காரப் பையன். திண்டிவனத்தில் ஒரு மிஷன் பள்ளியில் சேர்த்தார்கள். மதம் மாறச் சொல்லி வந்த வற்புறுத்தலுக்கு இணங்காததால் அந்தப் படிப்பு பாதியில் நின்றது. அதன் பிறகு அப்பா, அம்மா இருந்த கோலார் தங்கவயல். அங்கிருந்து சென்னை. வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகச் சேர்ந்து தமிழும் சைவமும் கற்றார். சகஜானந்தர் என்பது அந்த மடத்தில் கிடைத்த பெயர்.

1910-ல் சிதம்பரம் வந்தார். நந்தனார் தீக்குளித்த பிறகுதான் கோயிலுக்குள் போக முடிந்தது என்று பெரியபுராணம் சொல்லும் அதே ஊர். அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு 1916-ல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கினார். முதலில் சேர்ந்தது 25 பிள்ளைகள்.

சோறும் படுக்கவும் இடமும்

கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பிள்ளையின் உழைப்பும் வருமானம்தான். வெறும் கட்டடமும் வாத்தியாரும் இருந்தால் போதாது, தங்க இடமும் மூன்று வேளை சாப்பாடும் வேண்டும். இதைப் புரிந்துகொண்டதுதான் சகஜானந்தரின் பெரிய பலம் எனலாம். பள்ளியோடு விடுதியும் வந்தது. தொலைவான கிராமத்துப் பிள்ளைகளும் வந்து தங்கிப் படித்தார்கள். ஆண்களோடு நிற்காமல் பெண்களுக்கும் தனிப் பள்ளி வந்தது. சாமியார் ஒருத்தர் மடம் கட்டுவதில் ஆச்சரியம் இல்லை. இவர் கட்டிய மடத்தின் முக்கிய வேலையே பள்ளிக்கூடமாக இருந்தது. காந்தி 1927-ல் சிதம்பரம் வந்தபோது இந்த மடத்துக்கும் வந்தார்.

ஒரு விமர்சனமும் இருக்கிறது. தனிப்பள்ளி என்பது பிரிவினையை ஏற்றுக்கொள்வது ஆகாதா? ஆகலாம். ஆனால் பொதுப்பள்ளியின் கதவு திறக்கும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறையின் பள்ளி வயது தாண்டிவிடும். காத்திருக்க அவர் தயாராக இல்லை.

காவி உடையில் சட்டசபை

1926-ல் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரத்தில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தார். அப்போது சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதி: ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.எல்.ஏ.க்கள், அதில் ஒரு இடம் தாழ்த்தப்பட்டோருக்கு.

எம்.எல்.ஏ.வாக இருக்கும்போதே 1959 மே 1-ல் காலமானார். ஓமக்குளத்தில் ஆண்கள், பெண்கள் இரண்டு நந்தனார் பள்ளிகளும் இப்போது அரசு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக நடக்கின்றன.