நார்மண்டி வில்லியம்

சென்ற திங்களில் ஒருநாள் சரித்திர ஆசிரியர் வாராமையால், அவர் வகுப்பை மேற்பார்க்கும் பணி தமிழாசிரியனாகிய என்பால் வந்தது. அப்போது மாணாக்கனொருவன் எழுந்து, இங்கிலாந்தை வென்றான் எனப்படும் வில்லியத்துக்கு அந்நாட்டின்மேல் என்ன பாத்தியதை உண்டு என்று வினவினான். எனக்கு உடனே விடை தோன்றிற்றிலது. பின்னர் நூல்களை நாடிக் கற்றவற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறியுமாறு ஈண்டு எழுதலானேன்.

பிரெஞ்சு தேசத்தின் வடகடற்கரையில் நார்மண்டி என்னும் நாடு உளது. வடபுலத்தினின்று நெடுங்கலமேறி வந்து கரையோர ஊர்களைச் சூறையாடிய கூட்டத்தார்க்கு, 911-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசன் சார்லஸ் வேறு வழியின்றி அந்நிலத்தை அளித்தான். அவர் தலைவன் ரோலோ என்பான். நூறாண்டு கழியுமுன்னரே அவர் வழியினர் தம் தாய்மொழியை மறந்து பிரெஞ்சு மொழியினராயினர். கிறிஸ்து சமயத்தைத் தழுவினர். கடற்போரை விடுத்துக் குதிரைப்போரில் வல்லுநராயினர். இருப்புவளையங்களாற் பின்னிய கவசம் பூண்டு, நீள்வேல் ஏந்தி, அணிவகுத்துப் பாயும் குதிரைவீரரே அந்நாட்டின் பெரும்பலம். மண்ணை மேடாகக் குவித்து அதன்மேல் மரக்கோட்டையைச் சின்னாளில் எழுப்பும் தொழிலிலும் அவர் கைதேர்ந்தவர்.

ரோலோவின் வழிவந்த ராபர்ட் என்னும் கோமகனுக்கும் ஹெர்லேவா என்பாளுக்கும் 1027 அல்லது 1028-இல் பலேஸ் என்னும் ஊரில் வில்லியம் பிறந்தான். அவர்கள் மணம்புரிந்தவரல்லர். அவள் தோல் பதனிடுவான் ஒருவன் மகள் என்பது வழங்கிவரும் செய்தி. ராபர்ட் ஜெருசலேமுக்கு யாத்திரை போய் மீளும் வழியில் 1035-இல் இறந்தான். பிள்ளைக்கு அப்போது வயது ஏழு அல்லது எட்டு.

தந்தையை இழந்த சிறுவன் கையில் நாடு இருந்தால் என்னாகும் என்பதை நான் விரிக்க வேண்டுவதின்று. அவனுக்குக் காவலராக அமைந்தோர் ஒருவர்பின் ஒருவராகக் கொலையுண்டனர். ஆஸ்பெர்ன் என்னும் அரண்மனை அதிகாரி, பிள்ளை துயிலும் அறையிலேயே வெட்டுண்டு மாய்ந்தான். தாய்மாமன் வால்ட்டர், இரவில் மருமகனைத் தூக்கிச்சென்று ஏழைகளின் குடிசைகளில் ஒளித்துக் காத்தான் என்பர். கோமகனாகிய பிள்ளைக்கு எளியோர் குடிலே அரணாயிற்று. 1047-இல் உறவினரும் பிரபுக்களும் கூடிக் கலகம் விளைத்தபோது, பிரெஞ்சு அரசன் ஹென்றியின் துணையோடு வால்-எஸ்-டூன் என்னும் களத்தில் அவரை முறியடித்தான். அன்றுதான் அவன் தன் நாட்டுக்குத் தானே தலைவனாயினான். பின்னாளில் அதே ஹென்றி பகைவனாகிப் படையெடுத்து வர, 1054-இலும் 1057-இலும் அவனையும் பின்னிடச் செய்தான்.

பிறப்புக் குறித்த இகழ்ச்சி அவனை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. அலான்சோன் நகரை அவன் முற்றியபோது, ஆங்குள்ளார் மதின்மேல் தோல்களைத் தொங்கவிட்டுத் தட்டி, அவன் தாய்வழியை ஏளனம் செய்தனர். நகர்ப்புறத்து அரண் வீழ்ந்ததும், ஏசினோரின் கைகால்களை வெட்டுவித்தான். குலங்கூறி இகழ்தல் இழிசெயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்விகழ்ச்சிக்கு ஆற்றாது அவன் செய்தது அதனினும் கொடிது. தாயை அவன் மறந்தானல்லன். அவள் பின்னர் மணந்த கணவன்பால் பெற்ற தம்பியர் இருவரையும் உயர்நிலையில் வைத்தான். பிளாண்டர்ஸ் கோமகள் மட்டில்டாவைப் போப்பரசர் தடுத்தும் மணந்தான். அப்பிழைக்கு ஈடாகக் கான் நகரில் இருவரும் ஒவ்வொரு மடாலயம் எடுப்பித்தனர்.

இனி, மாணாக்கன் வினாவுக்கு வருவோம். இங்கிலாந்தின் அரசன் எட்வர்டுக்கு மக்கட்பேறில்லை. அவன் தாய் எம்மா, வில்லியத்தின் பாட்டனுடைய உடன்பிறந்தாள். இளமையில் நாடிழந்த எட்வர்ட் நார்மண்டியில் புகலடைந்து வளர்ந்தவன். அந்நன்றி கருதி அவன் 1051-இல் தன் அரியணையை வில்லியத்துக்கு வாக்களித்தான் என்பது நார்மானியர் கூற்று. ஆங்கிலப் பிரபுக்களுள் முதல்வனும் அரசியின் உடன்பிறந்தானுமாகிய ஹெரால்ட், 1064-ஐ ஒட்டிக் கடல்கடந்து வந்து, பிறனொருவனிடம் சிறைப்பட்டு, வில்லியத்தால் மீட்கப்பெற்று, அவன் உரிமைக்குத் துணைநிற்பதாகத் திருப்பொருள்கள்மேல் ஆணையிட்டான் என்றும் கூறுவர். ஆங்கிலேயரோ, எட்வர்ட் இறக்குங்கால் ஹெரால்டிடமே நாட்டை ஒப்படைத்தான் என்பர். 1066 ஜனவரி 5-இல் எட்வர்ட் மறைந்தான். மறுநாளே ஹெரால்ட் முடிசூடினான். குலமுறையே நோக்கின் இருவர்க்கும் பாத்தியதை இன்று. பழைய அரசகுலத்து எட்கர் என்னும் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனிடம் படை இல்லை. ஆகலின் அவனை எவரும் பொருட்படுத்திலர்.

வில்லியம் மரங்களை வெட்டிக் கலங்கள் சமைப்பித்தான். நாடு கிடைத்தால் நிலம் தருவேன் என்னவே, பிரித்தானி, பிளாண்டர்ஸ் முதலிய அயல்நாட்டு வீரரும் வந்து குழுமினர். குதிரைகளையும் கலத்தில் ஏற்றிக் கடல்கடத்தும் அரிய ஏற்பாட்டைச் செய்தான். தென்றிசைக் காற்றுக்காக அவன் பல வாரம் காத்திருந்தான். அதற்குள் தென்கரையைக் காத்துநின்ற ஹெரால்டின் படை, உணவு தீர்ந்தமையால் செப்டம்பர் 8-இல் கலைந்தது. அப்போது நார்வே அரசனும், ஹெரால்டின் உடன்பிறந்த பகைவனாகிய டாஸ்டிக்கும் வடக்கே இறங்கினர். ஹெரால்ட் 200 மைல் அளவு விரைந்துசென்று செப்டம்பர் 25-இல் இருவரையும் கொன்றான். 300 கலங்களில் வந்தோர் 24 கலங்களில் மீண்டனர் என்பர். மூன்றே நாட்களில் காற்றுத் திரும்ப, வில்லியம் பெவென்சிக் கரையில் இறங்கினான்.

அக்டோபர் 14, சனிக்கிழமை, ஹேஸ்டிங்ஸுக்கு அருகே ஒரு குன்றில் போர் நிகழ்ந்தது. களைத்த படையோடு திரும்பிய ஹெரால்ட் சிறிது தாழ்த்திருப்பின் சரித்திரம் வேறாயிருக்கும் என்றே யான் கருதுகின்றேன். ஆங்கிலேயர் கேடயத்தோடு கேடயம் பொருத்திக் கோடரியேந்திக் காலாளாய் நின்றனர். குதிரைகள் ஏறி ஏறி மீண்டன. வில்லியம் வீழ்ந்தான் என்ற வதந்தி பரவித் தன் படை சிதறுங்கால், அவன் தலைச்சீராவை உயர்த்தி முகங்காட்டினான். புறங்கொடுத்தார்போல் ஓடி, துரத்தினோரைத் திரும்பி வெட்டும் சூழ்ச்சியும் பயன்பட்டது. அந்திப்பொழுதில் ஹெரால்ட் மாய்ந்தான். அவன் தம்பியர் இருவரும் அதே களத்தில் மாண்டனர்.

கிறிஸ்துமஸ் நாளில் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு நடந்தது. உள்ளே எழுந்த வாழ்த்தொலியைக் கலகம் என மயங்கிய காவற்படையினர் அருகிருந்த வீடுகளுக்குத் தீயிட்டனர். மக்கள் ஓட, அரசன் நடுங்கினான் என்று எழுதிவைத்துள்ளனர். அவனாட்சி தொடங்கிய விதம் இது. 1069-70 குளிர்காலத்தில் வடநாட்டுக் கலகத்தை அடக்கப் புகுந்து, பயிரையும் கால்நடையையும் உழுபடையையும் எரிப்பித்தான். பஞ்சத்தில் 1,00,000 பேருக்குமேல் இறந்தனர் என்று ஆர்டெரிக் என்னும் துறவி எழுதினார். தொகை மிகையாயினும் பாவம் மிகையன்று. அவனைப் பிறவற்றிற் புகழ்ந்த அத்துறவியும் இதனை மன்னித்திலர். ஆங்கிலப் பிரபுக்களின் நிலமெல்லாம் நார்மானியர் கைப்பட்டது. அரசவையில் பிரெஞ்சு மொழி வீற்றிருந்தது. உயிருள்ள ஆட்டை ஆங்கிலேயர் தம் பழஞ்சொல்லால் ‘ஷீப்’ என்பர். நம்மூர் உணவுச்சாலைப் பலகையிலும் காணும் ‘மட்டன்’ அந்தப் பிரெஞ்சு வரவே.

1085 கிறிஸ்துமஸில், நாட்டின் நிலமனைத்தையும் கணக்கெடுக்க ஆணையிட்டான். 13,000-க்கு மேற்பட்ட ஊர்களில் எவனுக்கு எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை, எட்வர்ட் காலத்து மதிப்பென்ன, இப்போதைய மதிப்பென்ன என்பன வினவப்பெற்று எழுதப்பட்டன. அதன்மேல் முறையீடு இல்லையாதலின் ஊழித்தீர்ப்பு ஏடு எனப் பொருள்படும் பெயரை மக்கள் இட்டனர். அவ்வேடு இன்றும் உளது.

இல்வாழ்வில் அவனுக்கு அமைதியில்லை. மூத்த மகன் ராபர்ட் பகைத்தெழுந்து, 1079-இல் தந்தையையே குதிரையினின்று வீழ்த்தினான். 1083-இல் மட்டில்டா இறந்தாள். 1087-இல் மாண்ட் நகரை எரித்தபோது உட்காயமுற்று, செப்டம்பர் 9-இல் ரூவான் நகர்ப்புறத்தே உயிர்நீத்தான். உயிர் பிரிந்ததும் பிரபுக்கள் தத்தம் உடைமை காக்கக் குதிரையேறிப் போயினர். ஏவலர் ஆடையையும் பாத்திரத்தையும் கவர்ந்துகொண்டு உடலைத் தரையில் விட்டு ஓடினர். நாட்டுப்புறத்து வீரனொருவன் தன் செலவில் அதனைக் கான் நகருக்குக் கொண்டுசென்றான்.

ஆங்கு அவன் எடுப்பித்த மடாலயத்திலேயே குழி தோண்டினர். அடக்கம் செய்யுந் தறுவாயில் அசெலின் என்னும் குடிமகன் முன்வந்து, இந்நிலம் என் தந்தையின் மனை, இவ்வரசன் வலிந்து பறித்தது, என் மண்ணில் இவனைப் புதைக்கலாகாது என்று மறித்தான். அக்கம்பக்கத்தார் அது மெய்யே எனச் சான்று கூறினர். உடனே அவனுக்கு 60 ஷில்லிங் தந்து குழிக்குரிய இடத்தை வாங்கினர். எஞ்சிய நிலத்துக்கும் ஈடு தருவதாக ஒப்பினர். அதன்பின்னரே உடல் குழியில் இறங்கிற்று. 1562-இல் சமயக்கலகத்தார் அக்கல்லறையை உடைத்து எலும்புகளை இறைத்தனர். தொடையெலும்பு ஒன்றே கிடைத்து, மீண்டும் புதைக்கப்பட்டது.