பழி சுமந்த பேருபகாரி ஹாஃப்கின்

ஆடிக் கிருத்திகை நெருங்குங்கால், நாம் வாழும் திருத்தணியின் தெருக்களெல்லாம் காவடி ஏந்திய அடியார் கூட்டத்தால் நிறைந்துவிடும். நமது சிறு பிராயத்தில், அதாவது 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முன்னர், விழாக் காலத்தில் சுகாதாரப் பணியாளர் வழியோரத்தில் மேசையிட்டு அமர்ந்து, வருவோர்க்கெல்லாம் வாந்திபேதித் தடுப்பூசி இடுவர். தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கூவி அழைப்பர். ஊசிக்கு அஞ்சிப் பாட்டியின் முந்தானையில் முகம் புதைத்துக்கொண்ட குழந்தைகளுள் நாமும் ஒருவர். அந்த மருந்தை நம் நாட்டில் ஊர் ஊராகச் சுமந்து சென்று பரப்பிய பெரியார் யார் என்பதை அன்று ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை. பின்னாளில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோதுதான் அவர் பெயரை அறிந்தோம். செய்த உபகாரத்திற்கு நன்றி பெறாமல், செய்யாத பிழைக்குப் பழி பெற்ற அவரது வரலாற்றை நம் வாசக அன்பர்கள், குறிப்பாக இளைஞர்கள், அறிதல் வேண்டும் என்னும் விழைவால் இதனை எழுதலானோம்.

இளமையும் கல்வியும்

வால்டிமர் ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், அன்றைய ருஷ்யப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளதுமாகிய ஒடெஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் தோன்றினார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் அறிஞர் மெச்னிகோவிடம் பயின்றார். யூத மக்கள் மீது வன்முறை ஏவப்பட்ட காலத்தில் தம் மக்களைக் காக்கத் துணிந்ததற்காகச் சிறைப்பட்டார். ஆசிரியரின் முயற்சியால் விடுதலை பெற்றார். மதம் மாறினால் பல்கலைக்கழகப் பதவி கிட்டும் என்ற நிலையிலும் அவர் தம் சமயத்தைக் கைவிடவில்லை. 1888இல் தாயகம் நீங்கி ஜெனீவா சென்று, மறு ஆண்டு பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தை அடைந்தார். அங்கே அப்போது அவருக்குக் கிடைத்தது நூலகப் பணி மட்டுமே. பகலில் நூல்களை அடுக்கியவர், எஞ்சிய பொழுதெல்லாம் ஆய்வுக் கூடத்தில் கழித்தார்.

தம் உடலே முதற்களம்

வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்து தடுப்பு மருந்தொன்றை உருவாக்கிய ஹாஃப்கின், 1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அதனைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டு தெளிந்த பின்னரே பிறர்க்கு இடத் துணிந்தார். இம்மருந்துகளின் ஆய்வில் முயல் முதலிய உயிர்கள் துன்புற்றமை கொல்லாமை போற்றும் நமக்கு உவப்பானதன்று. அதனை மறைத்து எழுதவும் நாம் விரும்பவில்லை. எனினும் பிற மனிதர்க்கு நேரக்கூடிய துன்பத்தைத் தாமே முதலில் ஏற்ற நெறி மதிக்கத்தக்கது.

1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் கல்கத்தா வந்திறங்கினார். அயல் நாட்டார், அயல் மொழியார், கையில் ஊசியுடன் வருபவர் என்றால் மக்கள் ஐயுறுவது இயல்புதானே? ஐயம் தீர்க்க ஊரார் முன்னிலையில் தமக்கே ஊசி இட்டுக் காட்டினார். 1894இல் கல்கத்தாவின் கட்டால் பாகான் குடிசைப் பகுதியில் ஏறத்தாழ 200 பேருள் 116 பேர் ஊசி ஏற்றனர். பின்னர் அங்கே நோய் கண்ட 10 பேரும், அவர்களுள் இறந்த 7 பேரும் ஊசி ஏற்காதவர்களே. இவ்வாறு ஈராண்டுகளில் 40,000க்கும் மேற்பட்டோர்க்கு ஊசி இட்டார். மலேரியாவால் உடல் நலிந்து 1895இல் ஐரோப்பா திரும்பியவர், சற்றே தேறியதும் 1896இல் மீண்டும் இந்தியா வந்தார்.

பம்பாயில் கொள்ளைநோய்

அவ்வாண்டின் பிற்பகுதியில் பம்பாய் நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் பற்றிக்கொண்டது. அரசு ஹாஃப்கினை அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குத் தரப்பட்டது ஓர் அறையும் ஒரு நடையும். துணைக்கு ஓர் எழுத்தரும் மூன்று கடைநிலை ஊழியரும். பயிற்சியில்லாத அவர்களையே துணைக்கொண்டு மூன்று மாதங்களில் மருந்தை உருவாக்கினார். 1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், பிறர்க்கு இடும் அளவினும் மிகுதியாகத் தமக்கே செலுத்திக்கொண்டு கடுங்காய்ச்சலை ஏற்றார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் நோய் புகுந்தது. ஊசி ஏற்காத 172 கைதிகளுள் 12 பேர்க்கு நோய் கண்டு 6 பேர் மாண்டனர். ஏற்ற 147 பேருள் 2 பேர்க்கே நோய் கண்டது, உயிரிழப்பு இல்லை. ஆகா கான் அவர்கள் தம் சமூகத்தாரை ஊசி ஏற்கத் தூண்டி, மருந்து செய்யத் தம் மாளிகை ஒன்றினையும் ஈந்தார். 1899இல் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகை பிளேக் ஆய்வுக் கூடமாயிற்று. சில ஆண்டுகளுக்குள் அம்மருந்து இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது.

முல்கோவால் துயரம்

1902ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள். அன்றைய பஞ்சாப் மாகாணத்து முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேர்க்குப் பிளேக் ஊசி இடப்பட்டது. அவர்களுள் 19 பேர்க்கு மட்டும் 53-என் என்று எண்ணிட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து செலுத்தப்பட்டது. ஒரு வாரம் கழிந்ததும் அந்தப் பத்தொன்பதின்மர்க்கும் இரணஜன்னி கண்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. அரசினரை நம்பிக் கை நீட்டிய எளிய குடிகள் அவர்கள். பழி நீங்கிய வரலாற்றைப் பேசும்போது அவர்களை மறந்துவிடலாகாது.

அரசு விசாரணைக் குழுவை அமைத்தது. ஹாஃப்கின் முன்னர் மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்த்து வந்தார். பஞ்சாபின் பெருந்தேவைக்கு விரைந்து மருந்து அனுப்ப வேண்டி, வெப்பத்தால் கிருமி நீக்கும் முறையைக் கைக்கொண்டார். பாஸ்டர் நிறுவனத்தில் அம்முறை வழக்கில் இருந்ததாயினும் இங்குள்ள அதிகாரிகளுக்குப் புதியது. புதியதாகையால் அதுவே குற்றமாகக் கொள்ளப்பட்டது. பம்பாயிலேயே புட்டி மாசுற்றது என்று குழு முடிவு செய்தது. ஹாஃப்கின் தலைமைப் பதவியினின்று நீக்கப்பட்டு, ஊதியமின்றி விடுப்பில் வைக்கப்பட்டார். 1904இல் அவர் நாடு நீங்கினார். அதே ஆண்டில் இந்தியாவில் பிளேக்கால் மாண்டவர் 11 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோய் ஓங்கி நின்ற வேளையில், அதனை எதிர்க்க மருந்து கண்டவரே வெளியேற்றப்பட்டிருந்தார்.

உண்மை வெளிப்படல்

ஆயினும் விசாரணைச் சான்றுகளுக்குள்ளேயே உண்மை கிடந்தது. முல்கோவாலில் புட்டியைத் திறந்தபோது, உதவியாளர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது. அதனை முறைப்படி தூய்மை செய்யாமலே மீண்டும் பயன்படுத்தினர். இரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது என்பதை மாணவரும் அறிவர். மேலும், பம்பாயிலேயே கிருமி புகுந்திருந்தால், பல நாள் வளர்ந்து புட்டியில் கெட்ட நாற்றம் வீசியிருக்கும். திறந்தபோது அத்தகைய நாற்றம் எதுவும் இல்லை. ஆகவே மாசு புகுந்தது அவ்வூரில், அந்த நாளிலேயே என்பது தெளிவு. அதுவரை ஊன்றிப் பாராமற் கிடந்த சான்று இதுவே.

மலேரியா கொசுவால் பரவும் உண்மையை நிறுவிய ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிஞர் பதின்மர், 1907ஆம் ஆண்டு ஜூலையில் இலண்டன் டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதி, ஹாஃப்கின் மீதான குற்றம் நிலைபெறாதென எடுத்துரைத்தனர். பிரான்சு நாட்டில் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட யூதப் படை அதிகாரி டிரைபஸ் வழக்கோடு ஒப்பிட்டு, இதனைச் சிறிய டிரைபஸ் வழக்கு என்று கூறுவாரும் உளர். அவ்வாண்டின் இறுதியில் ஹாஃப்கின் பழி நீங்கினார்.

நன்றி எங்கே?

பழி நீங்கிற்று, ஆனால் இழந்தது திரும்பவில்லை. பம்பாய்த் தலைமைப் பொறுப்பு மீண்டும் தரப்படவில்லை. கல்கத்தாவில் பணி தந்த அரசு, மக்களிடையே சென்று மருந்தைச் சோதிக்கும் உரிமையைத் தரவில்லை. ஊர் ஊராக நடந்தவர் ஏட்டாய்வோடு அமைய நேர்ந்தது. 1914இல் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்ற அவர், 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். பம்பாய் ஆய்வுக் கூடத்திற்கு 1925இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அதற்குள் அங்கிருந்து 2 கோடியே 60 இலட்சம் அளவு பிளேக் மருந்து வெளிச் சென்றிருந்தது. விடுதலை பெற்ற இந்தியா 1964இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. காலம் தாழ்ந்து வந்த நன்றியும் நன்றியே. எனினும் அவர் மன்றில் நிந்திக்கப்பட்டார். விடுவிக்கப்பட்டதோ ஒரு மூலையில். இந்த ஏற்றத்தாழ்வே நம் நெஞ்சை உறுத்துகிறது.

உறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஒருமுறை தேர்வுக் கட்டணப் பணம் காணாமற் போயிற்று. பணத்தைக் கடைசியாகத் தொட்ட மாணவி ஒருத்தியைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் நிறுத்தி வினவினோம். இரண்டு நாள் கழித்து அப்பணம் நமது வருகைப் பதிவேட்டின் இடையிலேயே இருந்தது. அவளைத் தாழ்வாரத்திற்கு அழைத்து, பணம் கிடைத்துவிட்டதென்று மெல்லச் சொன்னோம். அவள் தலையசைத்துச் சென்றாள். மறுநாள் வழிபாட்டுக் கூட்டத்தில் நாம் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் கேட்டவர்களுள் எத்தனை பேர் இன்றளவும் அவளைக் கள்ளியென்றே எண்ணிக்கொண்டிருக்கின்றனரோ! ஹாஃப்கினுக்கு வாதிடப் பதின்மர் இருந்தனர். அந்தச் சிறுமிக்கு நம்மையன்றி எவர் இருந்தார்?

ஆதலின் அன்பர்களே, இல்லத்திலோ பள்ளியிலோ பணியிடத்திலோ ஒருவர் மீது ஐயம் எழுமாயின், முதலில் மண்ணில் விழுந்த இடுக்கியைத் தேடுவோம். ஒருவேளை தவறாகப் பழித்துவிட்டோமெனில், எத்தனை பேர் கேட்கப் பழித்தோமோ அத்தனை பேர் கேட்க அதனைத் திருத்துவோம். இச்சிறு கட்டுரையை அந்த மாணவி எங்கேனும் படிப்பாளாயின், அன்று வழிபாட்டுக் கூட்டத்தில் நாம் சொல்லியிருக்க வேண்டியதை இன்று இங்கே சொல்லிவிட்டோம் என ஏற்றுக்கொள்வாளாக.