இரத்தம் ஏன் உறைகிறது? – வில்லியம் ஹியூசன்

விரலில் கத்தி பட்டால் வழியும் இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடுகிறது. உடலுக்குள் ஓடும் அதே இரத்தம் ஏன் உறைவதில்லை? மருத்துவ மாணவர்களாகிய நாங்கள் இதற்கான விடையைப் பாடநூலில் ஒரே பக்கத்தில் படித்துத் தேர்வும் எழுதிவிடுகிறோம். அந்தப் பக்கத்திற்காக உழைத்தவரைத் தேடியபோது நான் கண்டவர்தான், இரத்தவியலின் தந்தை எனப் போற்றப்படும் வில்லியம் ஹியூசன்.

1739-இல் இங்கிலாந்தின் ஹெக்ஸம் நகரில் அறுவை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1759-இல் இலண்டன் வந்து, புகழ்பெற்ற ஹண்டர் சகோதரர்களிடம் உடற்கூறு பயின்றார்; பின்னர் மூத்தவரான வில்லியம் ஹண்டரின் பங்காளியாகவும் ஆனார்.

வெளியே வந்த இரத்தம் குளிர்ந்துவிடுவதால் அல்லது ஓட்டம் நின்றுவிடுவதால் உறைகிறது என்றே அக்காலத்தில் பலர் நம்பினர். ஹியூசன் ஒரு நாயின் கழுத்துச் சிரையை இரண்டு இடங்களில் கட்டினார். நடுவே அசையாமல் நின்ற இரத்தம் சில மணி நேரம் கழித்தும் பெரும்பாலும் நீர்மமாகவே இருந்தது! குளிரவைத்துப் பார்த்தார், உறைதல் தாமதமானதே தவிர விரைவுபடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய உப்புச் சோதனை. புதிய இரத்தத்தில் ஒருவகை உப்பைக் கலந்தபோது அது உறையவில்லை. செவ்வணுக்கள் அடியில் படிந்தன. மேலே தெளிந்து நின்ற நீர்மத்தை மட்டும் எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். அது உறைந்தது. ஆக, உறையும் பொருள் செவ்வணுக்களில் இல்லை, நீர்மத்தில்தான் இருக்கிறது. பிற்காலத்தார் அதற்கு ஃபைப்ரினோஜன் என்று பெயரிட்டனர். இன்று ஆய்வுக்கூடத்தில் உறைதடுப்பான் கலந்த குழாயை மெல்லக் கவிழ்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது. 1771-இல் இம்முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

இதற்கிடையே ஹண்டருடன் மனக்கசப்பு வளர்ந்தது. பதப்படுத்திய உடற்கூற்று மாதிரிகள் யாருக்குச் சொந்தம் என்பதிலும் சச்சரவு. பிரிந்து வந்த ஹியூசன், 1772-இல் கிரேவன் வீதியில் மாமியார் வீட்டிலேயே சொந்தப் பள்ளியைத் தொடங்கினார். பெஞ்சமின் பிராங்கிளின் நெடுங்காலம் குடியிருந்த வீடு அது.

பள்ளி நன்றாகவே நடந்தது. ஆனால் 1774-இல் பிணத்தை அறுக்கும்போது கையில் வெட்டுப்பட்டது. கையுறையோ கிருமிநாசினியோ இல்லாத காலம். நஞ்சு இரத்தத்தில் பரவி, மே 1-ஆம் நாள் இறந்தார். வயது 34. இரண்டு சிறு மகன்களுடன் கருவுற்றிருந்த மனைவி மேரி தனித்து நின்றார்.

1998-இல் அவ்வீட்டைப் புதுப்பித்தவர்கள் நிலவறையைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள் கிடைத்தன. முதலில் காவல் துறைக்குத்தான் சொன்னார்கள். பல துண்டுகளில் அறுத்த தடங்கள் இருந்தன. சில மண்டையோடுகளில் துளைகளும் இருந்தன. அவை ஹியூசனின் வகுப்பறையில் மிஞ்சியவை.