ரமண மகரிஷியின் இறுதி விருப்பம்

பிறந்தார் யாவரும் ஒருநாள் இறத்தல் திண்ணம் என்பதை அறியாதார் இலர். ஆயினும், அந்நாள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதைத் தம் உற்றாரிடம் முன்னரே உரைத்து வைப்போர் மிகச் சிலரே. சென்ற ஆண்டு எம் பாட்டனார் நினைவிழந்து மருத்துவமனையிற் கிடந்தபொழுது, செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தலாமா என்று டாக்டர் வினவினார். தந்தையார் வேண்டாம் என்றார். அத்தையார் வேண்டும் என்று அழுதார். பாட்டனாரின் விருப்பம் யாது என்பதை எம்மில் ஒருவரும் அறியோம்; ஒருநாளும் அவரைக் கேட்டிலோம். அத்துயரினூடே எம் நினைவிற்கு வந்தது, திருவண்ணாமலையில் ஒரு சிறிய அறையில் உயிர்நீத்த பெரியார் ஒருவரின் வரலாறு. அதனை இங்குச் சுருங்கக் கூறுவாம்.

ரமண மகரிஷி 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில், சுந்தரமையருக்கும் அழகம்மாளுக்கும் மகனாய்த் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். 1892இல் தந்தையார் மறையவே, மதுரையில் சிற்றப்பனார் இல்லத்தில் தங்கி, ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். நம்மைப் போலவே மிஷன் பள்ளியின் வாங்குப் பலகையில் அமர்ந்த மாணவர் அவர். 1896 ஜூலையில், நோய் ஏதுமின்றி இருந்த அப்பதினாறு வயது இளைஞரை மரண பயம் திடீரெனப் பற்றியது. அவர் எவரையும் உதவிக்கு அழைத்திலர். பிணம்போல் விறைத்துக் கிடந்து, இவ்வுடல் எரியுண்டால் அழிவது யாது, எஞ்சுவது யாது என்று தமக்குள்ளே ஆராய்ந்தார். அன்று அகன்ற அச்சம் பின்னர் மீண்டும் வந்ததில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை அடைந்தார்; தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

1922 மே 19ஆம் நாள் அன்னையார் இறக்குந் தறுவாயில், ஒரு கையை அவர் மார்பிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்து, உயிர் அடங்கும்வரை மகரிஷி உடனிருந்தார். மலையின் தென்புறத்து அடிவாரத்தில் அவ்வன்னையாரின் சமாதியைச் சுற்றி வளர்ந்ததே ரமணாசிரமம். ஆதலின் இறப்போர்க்கு வேண்டிய துணை யாது என்பதை அவர் நன்கறிந்தவர் எனலாம்.

1948ஆம் ஆண்டின் இறுதியில் மகரிஷியின் இடது முழங்கையருகே ஒரு சிறு கட்டி தோன்றிற்று. 1949 பிப்ரவரியில் அதனை அறுத்து நீக்கினர். அது மீண்டும் வளர்ந்தது. மார்ச்சில் இரண்டாம் முறை இரணசிகிச்சை நடந்தது. சார்க்கோமா என்னும் புற்றுநோய் அது எனத் தெளிவாயிற்று. கையையே துணித்து நீக்குதல் நலம் என்று மருத்துவர் கூறினர். மகரிஷி அதற்கு இசைந்திலர். உடல் தன் இயல்பான முடிவை எய்தட்டும் என்ற கருத்தினைத் தெளிவாக உரைத்துவிட்டார். எனினும், அன்பர்களின் மனம் நோகாவண்ணம், ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இருமுறை இரணசிகிச்சைக்கு உடன்பட்டார். சிகிச்சையை வேண்டியவர் தாம் அல்லர், அவர்களே என்பதை மட்டும் மறைக்காது கூறினார். தம்மைக் காண வருவோரைத் தடுத்தல் கூடாது என்பதில் மாத்திரம் இறுதிவரை உறுதியாய் நின்றார்.

1950 ஏப்ரல் 13ஆம் நாள் நெஞ்சில் கட்டிய சளியின் வருத்தம் தணிய மருந்து கொணர்ந்த டாக்டரிடம், அது தேவையில்லை என்று மறுத்தார். மறுநாள் மாலை, தம்மை நிமிர்த்தி உட்காரவைக்குமாறு தொண்டரிடம் கூறினார். மூச்சு மெலிந்து வந்தது. டாக்டர் ஒருவர் பிராணவாயு கொடுக்கத் தொடங்கினார். மகரிஷி வலக்கையை அசைத்து அதனை விலக்கினார். அவ்வளவில் அது நின்றது. வெளியே அன்பர் குழாம் அவர் இயற்றிய அருணாசலத் துதியைப் பாடிக்கொண்டிருக்க, இரவு 8 மணி 47 நிமிடத்திற்கு அவர் மூச்சு அமைதியாய் அடங்கியது.

இவ்வரலாற்றில் நாம் கருதற்குரியவை இரண்டு. மகரிஷி மருத்துவத்தை வெறுத்தவர் அல்லர்; நான்கு முறை கத்திக்குக் கை நீட்டியவர். சிகிச்சை எவ்விடத்தில் முடிந்து, சாவை வீணே நீட்டித்தல் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பதையே அவர் கை காட்டிற்று. இஃது ஒன்று. அக்கையசைவைக் கண்டவர் அதற்குப் பணிந்தமை மற்றொன்று. ஆசானை இன்னும் ஒரு நாழிகையேனும் பிரியாதிருக்க விழைந்தோர் நிறைந்த இடத்தில் அப்பணிவு எளிதாய் இருந்திராது. சொல்லுதல் நோயாளியின் கடன். அச்சொல்லைக் காத்தல் உற்றாரின் கடன். இவ்விரண்டும் கூடினாலன்றி விருப்பம் நிறைவேறாது.

இறுதி நேரத்தில் கையசைக்கும் வலியோ நினைவோ எல்லார்க்கும் வாய்ப்பதன்று. எம் பாட்டனார்க்கு வாய்க்கவில்லை. அத்தகையோர்க்காகவே, நினைவு தெளிவாயிருக்கும்போதே விருப்பத்தை எழுதி வைக்கும் உரிமையை, நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள் தீர்ப்பால் ஏற்றுக்கொண்டது. முன்னர் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அம்முறை எளிதாக்கப்பட்டது. வயது வந்தோர் எவரும் இரு சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட்டு, நோட்டரியிடமோ கெஸட் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும். தமக்காக முடிவு கூறவேண்டிய உறவினரின் பெயரையும் அதில் குறித்தல் வேண்டும். நெஞ்சை அழுத்தி மூச்சை மீட்கும் முயற்சியும் சுவாசக் கருவியும் வேண்டாம் என்பார்க்கும், வலி தணிக்கும் மருந்தும் அன்பான பணிவிடையும் என்றும் உரியனவே.

தாளில் எழுதுதற்கு முன்னர் வாயால் கேட்டல் வேண்டும். கேட்பதற்கு நாணி, இன்னும் காலம் உண்டு என்று நாம் தள்ளி வைக்கின்றோம். எம் பாட்டியார் இன்னும் நலமுடன் இருக்கின்றார். வரும் விடுமுறையில் ஊர் சென்றதும், மாலை விளக்கேற்றிய பின், அவர் அருகமர்ந்து இதனைக் கேட்பதென்று உறுதி செய்துள்ளோம். அவர் கூறுவது எதுவாயினும், தந்தையாரும் அத்தையாரும் உடனிருந்து கேட்டல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.