தீர்ப்புகளைத் தமிழாக்கிய முன்சீப்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். தமிழும் ஆங்கிலமும் பயின்ற அவர், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி ஏற்றார். அதன்பின் சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார். இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயூரத்தில் நெடுங்காலம் இருந்தமையால் அவ்வூரின் பெயரே அவர் பெயருக்கு அடைமொழியாயிற்று.

திருடனைத் தண்டிப்பது குற்றவியல் நீதிமன்றத்தின் கடமை. முன்சீப்பிடம் வருவன வேறு வகை வழக்குகள். கொடுத்த கடன் திரும்பவில்லை. வயலின் வரப்பு இரண்டடி நகர்ந்துவிட்டது. தம்பிக்குரிய பாகத்தை அண்ணன் தர மறுக்கிறான். இத்தகைய உரிமைப் பூசல்களைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றம். முறையிடுபவர் வாதி; எதிர்ப்பவர் பிரதிவாதி. வாதி தம் கோரிக்கையை எழுத்தில் தருவார். பிரதிவாதி அதற்கு மறுமொழி எழுதுவார். இருவரும் ஒப்புக்கொண்டவை நீங்க, எஞ்சிய பூசலை மட்டும் நீதிபதி வினாக்களாக வகுத்துக்கொள்வார். பத்திரங்களும் சாட்சிகளும் அவ்வினாக்களுக்கே விடை தருதல் வேண்டும். பாதி வழக்கு அவற்றைச் சரியாக வகுப்பதிலேயே தீர்ந்துவிடும் எனலாம். முடிவில் எவரும் குற்றவாளி ஆவதில்லை. நிலம் யாருக்கு, தொகை எவ்வளவு என்பதே தீர்ப்பாகும். அதனை ஏற்காதவர் மேல்முறையீடு செய்யலாம்.

அக்காலத்தில் மேல்முறையீடுகளை விசாரித்த உயர்ந்த மன்றம் சென்னையிலிருந்த சதர் அதாலத் ஆகும். 1862இல் அதனிடத்தில் உயர் நீதிமன்றம் அமைந்தது. மேல்மன்றத்தின் தீர்ப்புகள் கீழ்மன்றங்களுக்கு வழிகாட்டிகள். தம்முடையதைப் போன்ற வழக்கு முன்பு எவ்வாறு முடிந்தது என்று அறிந்தவர், வழக்காடுவதா, சமாதானமாகப் போவதா என்று முன்னரே தெளியலாம், வீண்செலவும் மிஞ்சும். ஆனால் அத்தீர்ப்புகள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. தம் நிலம் ஏன் கைவிட்டுப் போயிற்று என்பதை அறியவும் ஓர் உழவர் பிறர் வாயையே பார்த்திருக்க வேண்டியிருந்தது.

வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாக வெளியிட்டார். சட்டத்துக்குரிய தமிழ்ச் சொற்கள் இன்னும் நிலைபெறாத காலம் அது. வழக்குகளை விசாரித்துக்கொண்டே ஐம்பத்தாறு ஆண்டுகளின் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்ப்பது எளிய பணியன்று. எனினும் அவர் பெயரைச் சொன்னவுடன் இந்நூலை நினைப்பவர் சிலரே.

1872இல் அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். தாது ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குத் தம் பொருளை வாரி வழங்கினார்; கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைப் பாடினார். 1879இல் வெளிவந்த அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவலாகும். நீதிமன்றக் கவலை கதையிலும் அவரை விடவில்லை. வாதியும் தமிழர், பிரதிவாதியும் தமிழர், நீதிபதியும் தமிழராக இருக்க, வழக்கறிஞர் மட்டும் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கத்தை அதில் அவர் நகைச்சுவையோடு சாடினார். 1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் அவர் மறைந்தார்.