செவிக்குள் ஓடும் அலை

தந்தையின் பணி நிமித்தம் நாடு விட்டு நாடு சென்று கல்வி பயின்ற சிறுவர் பலர் உளர். அவர்களுள் ஒருவர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் வான் பேக்கேஷி. இவர் 1899ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை தூதரக அலுவலர். ஆதலால் மியூனிக், கான்ஸ்டான்டிநோபிள், சூரிச் ஆகிய நகரங்களில் இவரது இளமை கழிந்தது. பெர்ன் நகரில் வேதியியல் கற்ற இவர், 1923இல் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர் ஹங்கேரி அஞ்சல் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியேற்றார். தொலைபேசியில் குரல் தெளிவாகக் கேட்க எப்பகுதியைச் சீர்செய்வது என்னும் வினா எழுந்தது. கேட்கும் செவியின் இயல்பை அறியாமல் கருவியைத் திருத்த இயலாது என்று அவர் உணர்ந்தார். எனவே செவியையே ஆராயத் தொடங்கினார்.

உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட குழல் ஒன்று உண்டு. அதனைக் காக்ளியா என்பர். அதன் நீளம் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். அதனுள் நீர்மமும் மெல்லிய சவ்வும் உள்ளன. பேக்கேஷி இறந்தோரின் காக்ளியாவைத் திறந்து, வெள்ளித் துகள்களை இட்டு, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கொளியில் நுண்ணோக்கி வழியே நோக்கினார். ஒலி அச்சவ்வின் மீது அலையாக ஓடுவதைக் கண்டார். மேல்சுருதி ஒலி சுருளின் தொடக்கத்தையும், கீழ்ச்சுருதி ஒலி அதன் முனையையும் மிகுதியாக அசைத்தது. இக்கண்டுபிடிப்புக்காக 1961இல் அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

எனினும் அலை எழுவதனால் மட்டும் கேட்டல் நிகழ்ந்துவிடாது. இறந்த செவியிலும் சவ்வு அசையும். ஆனால் செய்தி பிறவாது. 1947இல் அமெரிக்கா சென்ற பேக்கேஷி, விலங்குகளை ஆராய்ந்து, காக்ளியாவின் உள்நீர்மம் மின்னழுத்தம் உடையது என்பதையும் வெளிப்படுத்தினார். பின்வந்தோர் எஞ்சியதை விளக்கினர். சவ்வு அசையும்போது அதன் மேலுள்ள மயிர்ச்செல்களின் நுண்மயிர்கள் வளைகின்றன. நீர்மத்திலுள்ள பொட்டாசியம் அயனிகள் அச்செல்களுக்குள் புகுகின்றன. உடனே அச்செல்கள் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது செவிநரம்பைத் தூண்ட, ஒலிச்செய்தி மூளையை அடைகிறது. உயிருள்ள செவி, இறந்த செவியைவிட ஒலிகளை நுட்பமாகப் பிரித்தறியும் என்பதும் பின்னரே தெரியவந்தது.

1966 முதல் ஹவாய்த் தீவில் ஆய்வு செய்த பேக்கேஷி, 1972இல் அங்கேயே மறைந்தார்.

மனிதச் செவியில் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பேரொலி அவற்றை அழிக்கவல்லது. ஆதலால் செவியைப் பேணுவது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.